முதியோர் நலமும் பஞ்சாயத்தின் கடமையும்

காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள நெசவுக் கிராமங்களில் முதியோர் ஆஸ்பத்திரியில் படுக்க நேரும் காரணங்களுள் பல, முன்னரே தடுக்கத்தக்கவை. இரத்த அழுத்தத்திற்கும் நீரிழிவிற்கும் உரிய மாத்திரைகளை இடையில் நிறுத்துதல் பக்கவாதத்திற்கும் காற்புண்ணுக்கும் வழிகோலும். 2021 ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இம்மாத்திரைகளை இல்லத்திற்கே கொணர்ந்து தருகிறது.

பஞ்சாயத்து அங்கத்தினர் செய்யத்தக்கவை:

1. மாத்திரை கிடைக்காத முதியோரின் பெயர்ப் பட்டியலைச் சுகாதாரத் தன்னார்வலரிடம் அளித்தல்.

2. வேலை முடிந்ததும் தறிக்குழியைப் பலகையிட்டு மூடச் செய்தல். இரவில் அதில் இடறி இடுப்பெலும்பு முறிந்தால் மாதக்கணக்கில் படுக்கையே கதி.

3. கோடையில் தறியில் அமரும் முதியோர் அடிக்கடி நீர் அருந்துமாறு வற்புறுத்தல்.

இழை அறுந்தபின் முடிவதினும் அறாமற் காப்பதே எளிது என்பதை நெசவாளர்க்கு நாம் சொல்லவேண்டுவதில்லை.