கருத்தரங்குக்குக் கிளம்பும் தங்கச்சிக்கு: போஸ்டரும் பத்து நிமிடப் பேச்சும்

ஆய்வுச் சுருக்கத்தை ஏற்றுக்கொண்டோம் என்று மெயில் வந்துவிட்டதா? சந்தோஷம். அடுத்து போஸ்டர் கவலை வரும். பதற்றம் வேண்டாம், தங்கச்சி. உன் போஸ்டர் முன்னால் ஒருவர் நிற்கப்போவது சில நிமிடங்கள்தான். அதற்குள் ஒரே ஒரு முடிவை அவர் மனதில் பதிய வைத்தால் போதும். மற்றதெல்லாம் அதற்குத் துணை.

முடிவே தலைப்பு
கம்ப்யூட்டரைத் திறக்கும் முன், நீ கண்டறிந்ததை வேறு துறைத் தோழிக்கும் புரிகிற மாதிரி ஒரே வாக்கியமாக எழுது. உதாரணமாக, ‘வெட்டிவேரால் ஈயத்தை அகற்றுதல்: ஓர் ஆய்வு’ என்ற தலைப்பில் செய்தி இல்லை. ‘கழிவுநீரில் ஈயத்தைப் பாதியாகக் குறைத்தது வெட்டிவேர்’ என்றால் தூரத்தில் போகிறவரும் திரும்பிப் பார்ப்பார். 2019-ல் அமெரிக்காவின் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வு மாணவர் மைக் மாரிசன் ஒரு வீடியோவில் சொன்னதும் இதைத்தான்: முடிவு நடுவில் பெரிய எழுத்தில், விவரம் ஓரங்களில், முழுக் கட்டுரைக்கு க்யூஆர் கோடு. அந்த வடிவத்தை அப்படியே எடுக்க வேண்டாம். முடிவுக்கு முதலிடம் கொடு, அது போதும்.

அளவை முதலிலேயே கேள்
ஏ0 தாள் 84.1 × 118.9 செ.மீ. அதை நெடுக்காக மாட்டுவார்களா, கிடையாகவா என்று அமைப்பாளர்களிடம் கேட்டுக்கொள். பவர்பாயின்ட்டில் ஸ்லைடு அளவை முதலிலேயே மாற்றிவிடு. பாதியில் மாற்றினால் எல்லாம் இடம் பெயரும். முன்னுரை நான்கு வரி போதும். ஏற்கெனவே கருத்தரங்குப் புத்தகத்தில் அச்சான ஆய்வுச் சுருக்கத்தை மறுபடி ஒட்டாதே.

முடித்ததும் ஏ4 தாளில் ஒரு பிரின்ட் எடு. நீள அகலம் நான்கில் ஒரு பங்காகும். 24 பாயின்ட் எழுத்து 6 பாயின்ட் ஆகும். கையில் பிடித்துப் படிக்க முடியவில்லையா? ஒன்றரை மீட்டர் தள்ளி நிற்பவருக்கும் உன் போஸ்டர் தெரியாது.

படங்கள் பேசட்டும்
அட்டவணையைவிட கிராஃப் நல்லது. அச்சுகளில் அலகு இருக்கட்டும். எரர் பார் போட்டால் அது திட்ட விலக்கமா, திட்டப் பிழையா, எத்தனை மாதிரிகள் என்று அடியில் எழுது. மைக்ரோஸ்கோப் படத்தில் ‘400 மடங்கு’ என்று போடாதே. படத்தைப் பெரிதாக்கியதும் அந்தக் கணக்கு பொய்த்துவிடும், ஸ்கேல் பார் போடு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் உண்டு. நீலமும் ஆரஞ்சும் எடுத்துக்கொள். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பி வாங்கியது தெளிவிழந்திருக்கும். மூலக் கோப்பையே கேட்டு வாங்கு.

பிரின்ட் கடையில்
பிடிஎஃப் ஆகவே கொடு; கடை கம்ப்யூட்டரில் உன் எழுத்துரு இல்லாவிட்டாலும் பிரச்சினை வராது. பளபளக்கும் ஃப்ளெக்ஸில் விளக்கொளி பட்டுக் கண் கூசும். மேட் தாள் நல்லது. ரயிலில் தூரம் போவதாக இருந்தால், மடித்துப் பையில் வைக்கத் துணியில் அச்சடிக்க முடியுமா என்று கேள்.

போஸ்டர் பக்கத்தில்
மறைக்காமல் ஓரமாக நில். எழுதியிருப்பதை வாசித்துக் காட்டாதே. வந்தவர் எந்தத் துறை என்று கேட்டுவிட்டு, ஒரு நிமிடத்தில் கேள்வி, முறை, முடிவு மூன்றையும் சொல். தெரியாததைக் கேட்டால் ‘அதை இன்னும் சோதிக்கவில்லை’ என்று நேராகச் சொல்லி, கேள்வியை நோட்டில் குறித்துக்கொள். உன் அடுத்த பரிசோதனைக்கு அதுவே வழி காட்டலாம்.

குறும்பேச்சு
ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் 2008-ல் ஒரு போட்டி தொடங்கியது: முழு முனைவர் ஆய்வையும் மூன்றே நிமிடத்தில், அசையாத ஒரே ஸ்லைடை வைத்துச் சொல்ல வேண்டும். நீயும் முதலில் அந்த மூன்று நிமிட வடிவத்தைத் தயாரி. பிறகு பத்து நிமிடத்துக்கு விரி. நிமிடத்துக்கு ஒரு ஸ்லைடு போதும். கடைசி ஸ்லைடில் ‘நன்றி’ மட்டும் போடாதே. கேள்வி நேரம் முழுக்கத் திரையில் நிற்பது அதுதான். அங்கே உன் முடிவு இருக்கட்டும். போனில் ஸ்டாப்வாட்ச் வைத்து, வாய்விட்டுச் சொல்லிப் பழகு. நேரம் தாண்டினால் அடுத்துப் பேசுகிறவரின் நிமிடங்களைத்தான் நீ எடுத்துக்கொள்கிறாய்.

ஆங்கிலம் சரளமாக வரவில்லையே என்று தயங்காதே. சின்னச் சின்ன வாக்கியங்களாக, நிதானமாகச் சொல். எதிரில் இருப்பவர்கள் தேடி வந்தது உன் ஆய்வை; உன் உச்சரிப்பை அல்ல.

அச்சுக்கு அனுப்பும் முன் உன் லேபில் உள்ள ஜூனியர் ஒருத்தியிடம் போஸ்டரைக் காட்டு. அவளுக்கு எங்கே புரியவில்லையோ, அந்த இடத்தை இன்றைக்கே திருத்து.