கடைமடைப் பிள்ளைகளும் பத்து மைல் வட்டமும்

காரைக்காலில் பிறந்தவர்களுக்கு மேடு என்றால் ஆற்றங்கரைதான். ஆதலால் பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பிப்ரவரி மாதத்தில் கொடைக்கானல் சென்றபோது, வத்தலக்குண்டு தாண்டியதுமே பேருந்தின் சன்னல்தோறும் தலைகள் முளைத்தன. (பாதிப் பேருக்கு வாந்தி. அதை விரிவாக எழுத வேண்டாமென்று தோழியர் கேட்டுக்கொண்டனர்.)

கொடைக்கானல், பழனி மலைத்தொடரில் சுமார் 7,000 அடி உயரத்தில் உள்ளது. அங்கே ஏரியருகில் புறப்பட்டு, மலையின் தெற்கு விளிம்பு வரை சென்று, மீண்டும் ஏரிக்கே திரும்பும் பாதையைப் ‘பத்து மைல் வட்டம்’ என்பர். இப்போது அது வாகனங்கள் ஓடும் சாலை. ஆகவே விடியற்காலையிலேயே நடக்கத் தொடங்கினோம். ஏற்றம் கடினமன்று, தூரந்தான் கால்களைச் சோதித்தது. சுமார் 400 அடி உயரமுள்ள மூன்று தூண் பாறைகளைக் காண ஆவலுடன் சென்றோம். மூடுபனி! அரைமணி நேரம் காத்திருந்து ஒரு தூணை மட்டும் கண்டோம்.

உண்மையான பாடம் மண்ணில் கிடைத்தது. பைன் மரங்களின் அடியில் எங்களை நிறுத்திய அறிவியல் சிஸ்டர், “கையை வைத்துப் பாருங்கள், பிள்ளைகளே” என்றார். ஊசியிலைகள் மெத்தைபோல் கிடந்தன. கீழே மண் உலர்ந்திருந்தது. வேறு செடி ஒன்றுமில்லை. சற்றுத் தொலைவில் சோலைக்காடு. மலைமடிப்புகளில் குட்டையான மரங்கள் நெருங்கி வளர்ந்து, கிளையெல்லாம் பாசி படர்ந்திருந்தது. அதன் ஓரத்து மண்ணை அழுத்தினோம். பல நாட்களாக மழையில்லை. ஆயினும் கருமண் விரல்களை நனைத்தது. பஞ்சு நீரை உறிஞ்சுவதுபோல் சோலையும், அதைச் சூழ்ந்த புல்வெளியும் மழைநீரை உள்ளே வாங்கி, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகின்றன. அந்தப் புல்வெளிகளில்தான் ஆங்கிலேயர் காலத்திலும் விடுதலைக்குப் பின்னும் பைன், தைலமரம், தோல் பதனிடப் பட்டை தரும் சீகை ஆகியவற்றை நட்டனர். புல்லை வெற்று நிலமென்று எண்ணிவிட்டார்கள் போலும். 2013இல் இம்மலைப் பகுதி வனவிலங்குச் சரணாலயமானது.

ஓர் ஓடையைக் கண்டதும், “இது நம் ஊருக்கு வருமா, சிஸ்டர்?” என்றாள் ஒருத்தி. சிஸ்டர் குச்சியால் தரையில் படம் வரைந்தார். தெற்கே இறங்கும் பாம்பாறு, கும்பக்கரை அருவியாய் விழுந்து வைகைப் பக்கம் போகிறது. எங்களுக்குப் பெரிய ஏமாற்றம்! ஆனால் மலையின் வடசரிவு நீர் சண்முகநதியில் சேர்ந்து, அமராவதியாகி, கரூர் அருகே காவிரியில் கலக்கிறது. காவிரியின் கிளையான அரசலாறு காரைக்காலில் கடலை அடைகிறது. குடகிலும் நீலகிரியிலும் உள்ள சோலைகளும் அதே காவிரிக்கே நீர் தருகின்றன.

நடுவர் மன்றம் 2007இல் நமக்கு ஒதுக்கிய பங்கு 7 டி.எம்.சி.; 2018இல் உச்ச நீதிமன்றமும் அதை மாற்றவில்லை. பங்கு தாளில் இருக்கிறது. அது கடைமடை வரை வந்து சேர்வது மலையில் எவ்வளவு நீர் தங்குகிறது என்பதையும் பொறுத்தது.

ஊர் திரும்பியபோது வாய்க்கால்கள் வறண்டிருந்தன. மேட்டூர் அணையை வழக்கமாகச் சனவரி 28இல் மூடுவார்கள். திறக்கும் நாள் சூன் 12. எங்கள் காலணிகளில் மட்டும் சோலையின் கருமண் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.