நாய்க்கு ஊசி: வருடா வருடமா, மூன்று வருடத்துக்கு ஒருமுறையா?

பெரகல சந்தியிலிருந்து அப்புத்தளைக்கு ஏறினாலும் கொஸ்லந்தைக்கு இறங்கினாலும், நாய் இல்லாத லயத்தைக் காண்பது அரிது. வளர்ப்பவர்களைக் குழப்பும் கேள்வியும் எங்கும் ஒன்றுதான்: ஊசியை வருடா வருடம் போடுவதா, மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதுமா? வருடா வருடம் போட்டால் காசு வீண் என்கிறார் ஒருவர். எல்லா ஊசியையும் தவறாமல் போடு என்கிறார் இன்னொருவர். நாய்க்குப் போடும் ஊசிகள் எல்லாம் ஒரே வகை என்று எண்ணுவதால் வரும் குழப்பம் இது. ஒவ்வொரு நோய்க்கும் கணக்கு வேறு. அதைப் பிரித்துப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

டிஸ்டெம்பர், பார்வோ, அடினோ வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி ஆகிய மூன்றுக்கும் போடுவது உயிருள்ள, வலுக் குறைக்கப்பட்ட கிருமி. அது தரும் எதிர்ப்புச் சக்தி பல வருடங்கள் நிற்கும். அதனால்தான் உலகச் சிறு விலங்கு மருத்துவர் சங்கம், வளர்ந்த நாய்க்கு இவற்றை மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் போட வேண்டியதில்லை என்கிறது. ஆனால் அந்தச் சலுகை குட்டிப் பருவத்து ஊசிகளை முழுதாக முடித்த நாய்க்கு மட்டுமே. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை ஊசியை வேலை செய்ய விடாது. அது எப்போது தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். எனவே 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 2 முதல் 4 வார இடைவெளியில், 16 வாரம் தாண்டும்வரை போட வேண்டும். பிறகு ஒரு வயதுக்குள் இன்னொன்று. ஒரே ஊசியோடு நிறுத்திய குட்டிக்கு மூன்று வருடக் கணக்கு பொருந்தாது.

எலிக்காய்ச்சல் ஊசியின் பலன் ஏறக்குறைய ஒரு வருடமே நிற்கும். அதை ஆண்டுதோறும் போட வேண்டும். ஈரமும் எலியும் நிறைந்த தோட்டப்புறத்தில் இது ஆடம்பரம் அல்ல. நாயின் சிறுநீர் வழியாக அதே கிருமி மனிதரையும் தொற்றும்.

நீர்வெறுப்பு நோய்க்கான ஊசியில்தான் வாதம் வலுக்கிறது. சில மருந்துகளுக்கு மூன்று வருட உத்தரவாதம் உண்டு. அப்படியிருக்க இலங்கையில் ஏன் ஆண்டுதோறும் போடச் சொல்கிறார்கள் என்று கேட்பது நியாயமே. விடை ஒரு நாயின் உடலோடு முடிவதில்லை. ஊரில் உள்ள நாய்களில் 70 சதவீதத்துக்கு ஊசி போட்டிருந்தால் நோய் பரவ வழியில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் வருடத்துக்குள் பழைய நாய்கள் சாகின்றன, புதுக் குட்டிகள் பிறக்கின்றன. அந்த அளவு தானாகவே சரிகிறது. மேலும், நாய் கடித்தவரைப் பரிசோதிக்கும் மருத்துவர், அந்த நாய்க்குக் கடைசியாக எப்போது ஊசி போடப்பட்டது என்று கேட்பார். ஒரு வருடத்துக்கு உட்பட்ட திகதி அட்டையில் இருந்தால் அவர் முடிவெடுக்க அது கைகொடுக்கும். 1973இல் இந்த நோயால் 377 பேர் இறந்த இலங்கையில் இன்று அந்தத் தொகை சில பத்துகளுக்குக் குறைந்திருக்கிறது. அதில் தொடர்ந்து நாய்களுக்குப் போடப்பட்ட ஊசிக்குப் பெரும் பங்குண்டு. அறிகுறி தோன்றிய பின் ஏறக்குறைய எவரும் பிழைக்காத நோயில் ஓர் ஊசி மிகையாவது குற்றமல்ல, ஒன்று குறைவதுதான் ஆபத்து.

அதிக ஊசி நாயைப் பலவீனமாக்கும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் குறைவு. ஓரிரு நாள் சோர்வும் ஊசி போட்ட இடத்தில் சிறு வீக்கமுமே வழக்கம். எங்கள் நாய் கட்டியே கிடக்கிறது என்பதும் போதாது. லயத்து வாசலில் கட்டிய நாயைத் தேடி வெளிநாய் வரத் தடையேதும் இல்லை. செலவுதான் உண்மையான தடை. ஆனால் நீர்வெறுப்பு நோய்க்கான ஊசியை அரசு இலவசமாகப் போடுகிறது. அதற்கான நாளைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டறியலாம்.

ஆகவே, கையில் காசு குறைவென்றால் வரிசை இதுதான்: முதலில் வருடா வருடம் இலவச ஊசி, அடுத்து குட்டிப் பருவத்து ஊசிகளை முழுதாக முடித்தல், பிறகு ஆண்டுதோறும் எலிக்காய்ச்சல் ஊசி, மற்றவை மூன்று வருடத்துக்கு ஒருமுறை. ஊசி போட்ட நாயே கடித்தாலும் காயத்தைச் சவர்க்காரமிட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். புறப்படும்போது நாயின் ஊசி அட்டையும் கையில் இருக்கட்டும்.