கத்திரி வெயில்: கருமை நீக்கும் க்ரீமை வாங்கும் முன்

கத்திரி தொடங்கியதும் முகமும் கழுத்தும் கையும் கறுத்துப்போவது இயல்பு. ஒரே வாரத்தில் 'டேன்' போய்விடும் என்று சொல்லும் க்ரீம்கள் கடைகளிலும் பார்லர்களிலும் அதிகம் விற்பதும் இந்த நாட்களில்தான். இந்தக் கோடையில் வாசகர்கள் கடைப்பிடிக்க வேண்டியது ஒன்றுதான்: கருமையை நீக்கச் செலவழிக்கும் பணத்தை, வெயிலைத் தடுக்கச் செலவழியுங்கள். வெயில்பட்ட தோல், தன் செல்களின் உட்கருவைக் காக்க மெலனின் என்ற நிறமியைக் கூடுதலாகச் சுரந்து, குடை பிடிப்பதுபோல் அதன் மேல் பரப்புகிறது. அந்த நிறமே நாம் பார்க்கும் கருமை. வெயில் படுவது குறைந்தால், மேல்தோல் உதிர்ந்து புதிதாகும்போது சில வாரங்களில் அது தானாகவே மங்கும். வாரங்கள் பிடிக்கும் இந்த வேலையை நாலே நாளில் செய்து காட்டும் க்ரீமில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பெரும்பாலும் கலந்திருப்பது ஸ்டீராய்டு அல்லது பாதரசம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, நிறமி உற்பத்தியையும் அடக்குவதால் முகம் சீக்கிரம் வெளுக்கிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் வெளியே தெரியும். பருவும் தேவையற்ற முடியும் வரும். நிறுத்தினால் முகம் சிவந்து எரியும். இந்தப் பாதிப்பு பெருகியதால்தான் தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று மத்திய அரசு 2018-ல் உத்தரவிட்டது. பாதரசம் இன்னும் ஆழமாகப் போய்ச் சிறுநீரகத்தைத் தாக்குகிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021 முதல் 2023 வரை ஒருவகைச் சிறுநீரக நோயுடன் வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு, அரிதாகவே காணப்படும் ஒரு துணைவகை இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசியவர்கள்.

"பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு நன்றாகத்தானே வேலை செய்தது" என்று கேட்கலாம். முதல் சில வாரங்கள் நன்றாக வேலை செய்வதுதான் ஸ்டீராய்டின் குணம். கேடு பிறகே தெரியும். "அப்படியானால் இயற்கைப் பொருள் போதுமே" என்பது அடுத்த வாதம். எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு வெயிலில் போனால், அதிலுள்ள வேதிப்பொருள் புற ஊதாக் கதிருடன் சேர்ந்து தோலைப் புண்ணாக்கி, முன்பைவிடக் கறுத்த தழும்பை விட்டுச்செல்லும். தயிரும் கடலை மாவும் தோலுக்கு ஒத்துக்கொண்டால் தீங்கில்லை, ஆனால் உள்ளே இருக்கும் நிறமியை அவை எட்டுவதில்லை.

"நம் தோலுக்கு எதற்கு சன்ஸ்கிரீன்?" என்ற கேள்வியில் நியாயம் உண்டு. நமக்குத் தோல் புற்றுநோய் அரிது. மெலனின் ஓரளவு காக்கிறது. ஆனால் மங்கு என்று நாம் சொல்லும் கரும்படலமும், பரு ஆறிய இடத்துக் கருந்திட்டும் நம் நிறத்தவர்க்கே அதிகம் வருகின்றன. வெயில் அவற்றை வளர்க்கிறது. தமிழ்நாட்டுக் கோடையின் நண்பகலில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டுவது வழக்கம். உலக அளவுகோலில் அதுவே உச்சநிலை. விலைதான் தடை என்பவர்களுக்குக் குடையும் முழுக்கைப் பருத்திச் சட்டையும் எந்தக் க்ரீமையும்விட மலிவான, நம்பகமான காப்பு. முடிந்தவரை 11 மணி முதல் 3 மணி வரை நிழலில் இருங்கள். வைட்டமின் டி குறைந்துவிடுமோ என்று அஞ்சுபவர்கள், அதற்காக முகத்தைக் கருக்கவிட வேண்டியதில்லை. கை கால்களில் சிறிது நேரம் வெயில் பட்டாலே உடல் அதை உண்டாக்கிக்கொள்ளும்.

சன்ஸ்கிரீன் வாங்குவதானால் எஸ்பிஎஃப் 30 அல்லது அதற்கு மேலும், யுவிஏ காப்பைக் குறிக்கும் பிஏ பிளஸ் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். யுவிபி கதிரில் எஸ்பிஎஃப் 30 சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கின்றன. எண்ணைவிட அளவே முக்கியம். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய க்ரீம், முகத்துக்கும் கழுத்துக்கும் தேவை. கிளம்ப 20 நிமிடம் முன்பு பூசி, வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்ஸைடு கலந்த, நிறமுள்ள வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நிழலும் துணியும் போதும்.

தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், சேர்மானப் பட்டியல் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். பட்டியலில் பாதரசத்தைக் குறிக்கும் மெர்க்குரி, கலோமெல் என்று எந்தப் பெயர் இருந்தாலும் விட்டுவிடுங்கள். ஸ்டீராய்டு க்ரீமை நெடுநாள் பூசிவந்தவர்கள் தாமாக நிறுத்தாமல் தோல் மருத்துவரைப் பாருங்கள். வெளுப்பு க்ரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரில் நுரையோ கால் வீக்கமோ தெரிந்தால், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.