ஓலையும் துண்டும்

சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில் ஒரு வழக்கு இடம்பெறுகிறது. சுந்தரரின் திருமண நாளன்று முதியவர் ஒருவர் மணப்பந்தலுக்கு வந்து, மணமகன் தமக்கு அடிமை என்று வாதிடுகிறார். சுந்தரரின் பாட்டனார் தம்மையும் தம் வழிவந்தோரையும் அடிமையாக எழுதிக் கொடுத்த ஆள் ஓலையைச் சான்றாகக் காட்டுகிறார். சுந்தரர் அதைப் பறித்துக் கிழித்தும் பயனில்லை. கிழிந்தது படி ஓலையே. திருவெண்ணெய்நல்லூர் அவையோர் மூல ஓலையைக் கண்டு, முதியவர் பக்கமே தீர்ப்பளிக்கின்றனர். வந்தவர் சிவபெருமான் என்பது பின்னர்த் தெரிகிறது.

இது பக்திக் கதை. ஆயினும், ஆளை ஓலையில் எழுதிக் கொடுக்கும் வழக்கத்தை அக்கால மக்கள் அறிந்திராவிடில் இக்கதை அவர்களுக்கு விளங்கியிராது. அந்தணர் அடிமையாதல் புதுமை என்றே சுந்தரர் வாதிடுகிறார். பிறர் அடிமையாதல் புதுமை என்று அவர் கூறவில்லை. இதனைக் கவனிக்க வேண்டும். தமிழகத்து வயல்களில் உழைத்த மக்களுள் பலர், நிலத்தோடு சேர்த்து விற்கப்பட்டும் அடகு வைக்கப்பட்டும் வந்தனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர்.

ஐரோப்பியர் ஆப்பிரிக்க மக்களைக் கப்பல்களில் ஏற்றி அமெரிக்கக் கண்டத்திலும் கரீபியன் தீவுகளிலும் விற்று வந்தனர். அவ்வாறு விற்கப்பட்டு, பின்னர்த் தம் விடுதலையைத் தாமே விலைகொடுத்துப் பெற்றவர் ஒலாடா எக்குவியானோ. அவர் தம் வரலாற்றை 1789இல் நூலாக வெளியிட்டார். தாமஸ் கிளார்க்சன் ஊர் ஊராகச் சென்று சான்றுகளைத் திரட்டினார். வில்லியம் வில்பர்ஃபோர்ஸ் அவற்றை நாடாளுமன்றத்தில் எடுத்துரைத்தார். 1807இல் அடிமை வணிகத்தையும் 1833இல் அடிமை முறையையும் பிரிட்டன் சட்டத்தால் ஒழித்தது. ஆனால், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கும் இலங்கைக்கும் 1833ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தாது என விலக்கு அளிக்கப்பட்டது.

இந்தியாவிற்கான சட்டம் 1843இல் வந்தது. ஒருவரை அடிமை என்று உரிமை கொண்டாடி எவரும் நீதிமன்றத்தை நாட இயலாது என்பதே அதன் சாரம். எந்த அடிமையையும் அது கைப்பிடித்து வெளியே அழைத்து வரவில்லை. ஆள் ஓலை இனி அவையில் செல்லாது, அவ்வளவே. அதுவும் சிறிய மாற்றமன்று.

ஓலை செல்லாதாயிற்று. அதன் இடத்திற்கு ஒப்பந்தத் தாள் வந்தது.

விடுதலை பெற்ற அடிமைகளின் இடத்தில் கரும்புத் தோட்டங்களுக்கு வேறு ஆட்கள் தேவைப்பட்டனர். பஞ்சத்தாலும் கடனாலும் வாடிய இந்தியச் சிற்றூர்களில் முகவர்கள் ஆள் திரட்டினர். சென்னையிலிருந்து புறப்பட்ட 'துரூரோ' என்னும் கப்பல், 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் சென்றோர் ஐந்தாண்டு உழைப்பதாக ஒப்பந்தத்தில் கைந்நாட்டு இட்டவர்கள். முன்னறிவிப்பின்றி வேலையை விட்டு நீங்கினால் சிறைத்தண்டனை கிட்டும். அந்தமானில் வாழும் நீங்கள் செல்லுலர் சிறையைக் கண்டிருப்பீர்கள். அங்கே கடல் கடத்தி அடைக்கப்பட்டோர்மீது ஒரு குற்றமாவது சாட்டப்பட்டிருந்தது. கரும்புத் தோட்டத் தொழிலாளர்மீது எக்குற்றமும் இல்லை.

1894இல் டர்பனில் இளம் வழக்கறிஞராக இருந்த காந்தியடிகளின் அலுவலகத்திற்கு ஒருவர் அழுதுகொண்டே வந்தார். உடை கிழிந்திருந்தது, முன்பற்கள் இரண்டு உடைந்து வாயில் குருதி வழிந்தது. அவர் பெயர் பாலசுந்தரம், தமிழர். முதலாளி அடித்துவிட்டதை அவர் தமிழில் கூற, காந்தியடிகளிடம் பணியாற்றிய தமிழ் எழுத்தர் மொழிபெயர்த்தார். காந்தியடிகள் முதலில் அவரை மருத்துவரிடம் அனுப்பிக் காயங்களுக்குச் சான்றிதழ் பெற்றார். அதன் பின்னரே நீதிபதியிடம் அழைத்துச் சென்றார். முதலாளியைத் தண்டிப்பதைவிடப் பாலசுந்தரத்தை அவரிடமிருந்து மீட்பதே காந்தியடிகளின் நோக்கம். ஆயினும், ஒப்பந்தத்தைக் கிழித்தெறியச் சட்டம் இடம்தரவில்லை. வேறொரு முதலாளிக்கு அதனை மாற்றவே முடிந்தது.

பாலசுந்தரம் தம் தலைத்துணியைக் கையில் ஏந்தி நின்றார். வெள்ளையரைக் காணும்போது அதனைக் கழற்ற வேண்டும் என்பது அங்கிருந்த கட்டாயம். தம் முன்னிலையில் அதனைத் தலையில் கட்டிக்கொள்ளுமாறு காந்தியடிகள் வேண்டினார். பாலசுந்தரம் தயங்கியே கட்டிக்கொண்டார். ஆனால், அவர் முகத்தில் மகிழ்ச்சி தோன்றியது. இச்செய்தியைக் காந்தியடிகள் தம் சத்திய சோதனையில் மறவாமல் எழுதியுள்ளார்.

இலங்கையின் மலைத்தோட்டங்களில் இத்தகைய ஒப்பந்தத் தாள் இல்லை. அங்கே கங்காணி இருந்தார். அவர் தம் ஊராருக்கும் உறவினருக்கும் முன்பணம் கொடுத்து, குடும்பம் குடும்பமாக அழைத்துச் செல்வார். வழிச்செலவும் அரிசியும் துணியும் கடன் கணக்கில் ஏறும். தொழிலாளர் வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பினால், தோட்டத்துரை கங்காணியிடம் ஒரு சீட்டு எழுதித் தருவார். இவர்கள் பட்ட கடனைச் செலுத்துவோரிடம் இவர்களை விடுவிப்போம் என்பது அதன் பொருள். அச்சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். புதிய தோட்டம் கடனைத் தீர்க்கும். ஆனால், கடன் தீராது. அது புதிய தோட்டத்துக் கணக்கில் மீண்டும் தொழிலாளர் தலையில் ஏறும். துண்டில் எழுதியிருப்பதைப் படிக்கத் தெரியாதவரே அதற்குக் கட்டுப்பட்டவர். விற்பனை என்னும் சொல் மட்டுமே அங்கு இல்லை.

இதனை எதிர்த்துச் சர் பொன்னம்பலம் அருணாசலம் 1919இல் தொழிலாளர் நலச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். தோட்டத்தில் பிறந்து வழக்கறிஞரான பெரி சுந்தரம் அவருக்குத் துணைநின்றார். 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிந்தது. தஞ்சைப் பகுதியிலிருந்து சென்ற கோ. நடேசய்யர், வெளியார் நுழைய இயலாத தோட்டங்களுக்குள் துணி வணிகர் வேடத்தில் சென்று நிலைமையைக் கண்டறிந்தார்; இதழ்கள் நடத்தினார்; 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். அவர் துணைவியார் மீனாட்சி அம்மாள், கூட்டங்களில் பாட்டுகளைப் பாடித் தொழிலாளரைத் திரட்டினார். படிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு புரியும் அல்லவா?

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் இம்மக்களுள் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964இல் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் செய்த உடன்படிக்கைப்படி 5,25,000 பேர் இந்தியா திரும்புவது என முடிவாயிற்று. அவ்வாறு திரும்பியோருள் சில குடும்பங்கள் நிக்கோபார் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. தேயிலை பறித்த கைகள் அங்கே ரப்பர்ப் பால் வெட்டின.

சொற்பொருள்

படி ஓலை – மூலத்தைப் பார்த்து எழுதிய ஓலை
கைந்நாட்டு – கையொப்பத்திற்கு மாற்றாக இடும் பெருவிரல் அடையாளம்
கங்காணி – தொழிலாளரைத் திரட்டி மேற்பார்வை செய்பவர்
சம்மேளனம் – சங்கங்களின் கூட்டமைப்பு

பயிற்சி

1. 1843ஆம் ஆண்டுச் சட்டம் செய்தது யாது? செய்யாதது யாது?
2. பாலசுந்தரத்தை நீதிபதியிடம் அழைத்துச் செல்வதற்கு முன்னர், மருத்துவச் சான்றிதழ் பெற்றதன் காரணத்தை உம் சொற்களில் எழுதுக.
3. ஆள் ஓலை, ஒப்பந்தத் தாள், துண்டு ஆகிய மூன்றனுள் தப்புவதற்கு மிகக் கடினமானது எது? உம் கருத்தைக் காரணத்துடன் ஒரு பத்தியில் எழுதுக.
4. உம் குடும்பத்தினர் அந்தமானுக்கு எப்போது, எவ்வூரிலிருந்து, எவ்வேலைக்காக வந்தனர் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, அவர்கள் கூறிய சொற்களிலேயே எழுதி வருக.