மேப்பிள் சாறு இறங்கும் காலம்: இப்போது செய்ய வேண்டியவை

தெற்கு ஒன்ராறியோவில் மாசி பிறந்ததும் மேப்பிள் மரங்களில் சாறு இறங்கத் தொடங்கும். அந்த நாளை நாட்காட்டியில் தேடாதீர்கள், வானிலை அறிக்கையில் தேடுங்கள். இரவில் மைனஸ் 5 டிகிரி, பகலில் பிளஸ் 5 டிகிரி என்று நாலைந்து நாள் தொடர்ந்து வருமானால் அதுதான் தருணம். இரவுக் குளிரில் உறையும் மரம் வேர்வழியே நீரை இழுத்துக்கொள்கிறது. பகலில் இளகும்போது உள்ளே அழுத்தம் கூடி, துளை கண்ட இடத்தில் சாறு சொட்டுகிறது. நாள் முழுக்க உறைந்திருந்தாலும் சாறு வராது, இரவிலும் உறையாமல் இருந்தாலும் வராது. ஆர்வத்தில் தை மாதமே துளைத்துவிட்டால், நல்ல ஓட்டம் வரும் வேளையில் துளையின் வாய் காய்ந்து பாதி அடைபட்டிருக்கும்.

மரம் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள். வீட்டு முன்புறம் சாலையை ஒட்டி நிற்கும் மரம் பெரும்பாலும் நகராட்சியின் சொத்து. பூங்கா மரங்களைத் தொடவே கூடாது. உங்கள் வளவில் நிற்கும் மரமானால், நெஞ்சு உயரத்தில் அடிமரத்தின் குறுக்களவு 30 சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். அதற்கு மெலிந்த மரத்தை வளர விடுங்கள். பருத்த மரமானாலும் இரண்டு துளைக்கு மேல் வேண்டாம். இலையில்லாத இந்தக் காலத்தில் சுகர் மேப்பிளை மொட்டால் அடையாளம் காணலாம்: பழுப்பாக, கூராக இருக்கும், கிளைகள் எதிரெதிராகப் பிரியும். சிவப்பு மேப்பிள், வெள்ளி மேப்பிள், மனிட்டோபா மேப்பிள் ஆகியவற்றிலும் சாறு எடுக்கலாம். இனிப்புதான் கொஞ்சம் குறையும்.

8 மில்லிமீட்டர் ட்ரில் முனையால், 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, சாறு வெளியே வடிய வசதியாகச் சற்று மேல்நோக்கிச் சாய்த்துத் துளையுங்கள். வெளிவரும் மரத்தூள் வெளிர் நிறமாக இருந்தால் நல்ல மரக்கட்டை. கரும்பழுப்பாக இருந்தால் அங்கே நிறுத்தி வேறிடம் பாருங்கள். சென்ற ஆண்டுத் துளைக்கு மேலும் கீழும் இந்த ஆண்டு துளைக்கக் கூடாது. பக்கவாட்டில் நன்றாகத் தள்ளிப் போங்கள். 'ஸ்பைல்' என்று கேட்டால் கடைகளில் தரும் சிறு குழாயை மெதுவாகத் தட்டிப் பொருத்தி, மூடியுள்ள வாளியை மாட்டுங்கள். பழைய பொருள் விற்பனையில் கிடைக்கும் தகர வாளிகளை வாங்காதீர்கள். பலவற்றின் பற்றவைப்பில் ஈயம் கலந்திருக்கும்.

இனி முக்கியமான இடம். யாழ்ப்பாணத்தில் பனையிலிருந்து இறக்கும் கருப்பநீர் புளிக்காதிருக்க முட்டியில் சுண்ணாம்பு தடவுவார்கள். மேப்பிள் சாற்றுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது. குளிரும் சுத்தமும்தான் காவல். சாற்றில் இருக்கும் சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான், ஆனால் நுண்ணுயிருக்கு அது போதும். ஆகவே தினமும் வாளியைக் காலி செய்யுங்கள். வெள்ளைத் துணியில் வடிகட்டி, உணவுக்கென்று விற்கும் கேன்களில் ஊற்றி, 4 டிகிரிக்குக் கீழே, நிழலான பனிக்குவியலிலோ குளிர்பெட்டியிலோ வையுங்கள். கூடிய சீக்கிரம் காய்ச்சிவிடுங்கள், ஒரு வாரத்தைத் தாண்ட விடாதீர்கள். கலங்கிப் பால்போல் வெளுத்துவிட்டால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். காலையில் வாளிக்குள் பனிக்கட்டி மிதந்தால் எடுத்து எறியலாம். அதில் இருப்பது பெரும்பாலும் நீர்தான், காய்ச்சும் விறகு மிச்சம். இந்த மண்ணின் அனிஷினாபே மக்கள் அகன்ற தட்டங்களில் சாற்றை இரவில் உறையவிட்டு, பனிக்கட்டியை அகற்றியே அதைக் கெட்டியாக்கினார்கள். மேப்பிள் சாற்றின் பக்குவங்களை ஐரோப்பியர் கற்றதே இம்மண்ணின் முதற்குடி மக்களிடமிருந்துதான்.

40 லிட்டர் சாற்றைக் காய்ச்சினால்தான் 1 லிட்டர் பாகு கிடைக்கும். மீதி 39 லிட்டரும் ஆவியாகப் போக வேண்டும். ஒரு துளையே நல்ல பருவத்தில் அந்த 40 லிட்டரைத் தந்துவிடும் என்பதால், முதல் ஆண்டில் மூன்று துளையோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அடுக்களையில் காய்ச்சினால் சுவரும் கூரையும் ஊறிப்போகும். வெளியே, அகன்ற எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சுங்கள். குளிருக்குப் பயந்து கராஜுக்குள் காஸ் அடுப்பு மூட்டவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும்.

கெட்டியாகத் தொடங்கியதும் வீட்டு அடுப்புக்கு மாற்றி, பக்கத்தை விட்டு நகராமல் நில்லுங்கள். அன்று தண்ணீர் எந்த வெப்பத்தில் கொதிக்கிறதோ அதைவிட 4 டிகிரி கூடும்போது பாகு பதமாகிறது. காற்றழுத்தம் நாளுக்கு நாள் மாறுவதால் முதலில் தண்ணீரைக் கொதிக்கவைத்து அளந்துகொள்ளுங்கள். கனடாவில் விற்கும் பாகில் குறைந்தது 66 சதவீதம் சர்க்கரை இருக்க வேண்டும். நீர்த்த பாகு பூஞ்சணம் பிடிக்கும், பதம் மிஞ்சிய பாகு போத்தலில் கற்கண்டாகும். அடியில் மணல்போல் சேரும் கனிமப் படிவை நீக்கச் சூட்டோடு தடித்த கம்பளித் துணியில் வடித்து, 85 டிகிரி சூட்டில் போத்தலில் அடையுங்கள். திறந்த போத்தலைக் குளிர்பெட்டியில் வையுங்கள்.

பங்குனி பிறந்து வெயில் ஏறினால் பாகின் நிறம் கறுக்கும், சுவை கனக்கும்; அது குறையல்ல. ஆனால் மொட்டுகள் பருக்கத் தொடங்கிவிட்டால் பாகில் வேண்டாத வாடை ஏறும். அன்றே குழாய்களைக் கழற்றிவிடுங்கள். துளையை மெழுகாலோ குச்சியாலோ அடைக்க வேண்டாம். மரம் தானே மூடிக்கொள்ளும்.