ஊசி முடியட்டும் என்று காத்திருந்தால்

புதிதாக நாய்க்குட்டி வந்த வீட்டில் முதலில் கிடைக்கும் அறிவுரை, "ஊசியெல்லாம் போட்டு முடியுற வரைக்கும் வாசலைத் தாண்ட விடாதீங்க" என்பதுதான். பார்வோ என்ற தொற்றுநோய்க்கு ஒரு குட்டியைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்தப் பயத்தின் நியாயம் தெரியும். ஆனால் அந்த அறிவுரையை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்த வீடுகளில்தான், குடையைக் கண்டால் குரைக்கிற, ஹெல்மெட் போட்டவர் மீது பாய்கிற, தெருவில் கால் வைக்கவே நடுங்குகிற நாய்கள் வளர்கின்றன.

நம்பிக்கை: எல்லா ஊசியும் முடிந்த பிறகுதான் வெளியுலகம்.

வாரக் கணக்கைப் பாருங்கள். புதியதைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்ளும் பருவம் குட்டிக்கு ஏறத்தாழ 3வது வாரத்தில் தொடங்கி 12, 14 வாரங்களுக்குள் முடிந்துவிடும். தடுப்பூசிகளோ 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, சில வார இடைவெளிகளில் 16 வாரம் வரை போகின்றன. கடைசி ஊசி போடும் நாளில் அந்தப் பருவம் கடந்திருக்கும். 1961இல் அமெரிக்காவில் ஃப்ரீட்மன், கிங், எலியட் ஆகிய மூவரும் வேலியிட்ட வெளியில் மனிதர் பழக்கமின்றி வளர்ந்த குட்டிகளை வெவ்வேறு வயதில் எடுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். 14 வாரம் வரை தொடப்படாமல் இருந்தவை காட்டு விலங்குகள்போல மிரண்டு ஓடின; அதன் பிறகு பழக்க முயன்றும் பெரிதாகப் பலனில்லை.

விலங்கு நடத்தைக்கான அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் இதனால்தான், முதல் ஊசி போட்டு 7 நாளாவது ஆகி, ஒருமுறை பூச்சி மருந்தும் கொடுத்திருந்தால், 7, 8 வாரக் குட்டியைப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பலாம் என்கிறது. 2013இல் வெளியான ஆய்வொன்று அங்கே 4 நகரங்களில் இப்படி வகுப்புக்குப் போன, குறைந்தது ஓர் ஊசியாவது போட்ட 279 குட்டிகளைக் கவனித்தது. ஒன்றுக்குக்கூட பார்வோ வரவில்லை.

ஆனால் அது சுத்தம் செய்த தளம், ஊசி போட்ட குட்டிகள். நம் தெருமுனை அப்படியல்ல.

நம்பிக்கை: ஓர் ஊசி போட்டாயிற்று, இனி எங்கும் விடலாம்.

சீம்பால் வழியே தாய் கொடுத்த எதிர்ப்பு சக்தி குட்டியின் உடலில் சில வாரங்கள் இருக்கும். அது இருக்கும்வரை ஊசி மருந்தையும் செயல்பட விடாமல் தடுக்கக்கூடும். எந்தக் குட்டிக்கு எப்போது அது வடியும் என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். பார்வோ கிருமி நோயுற்ற நாயின் மலத்தோடு வெளியேறி மண்ணில் மாதக்கணக்கில் உயிர்ப்போடு கிடக்கும். பினாயிலை நம்ப முடியாது. அழுக்கைக் கழுவிய பிறகு, ஒரு பங்கு ப்ளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டால் அழியும். செருப்பில் ஒட்டிக்கொண்டும் வீட்டுக்குள் வரும். ஆகவே தெருமண், பூங்காப் புல், மருத்துவமனைத் தரை இவற்றில் குட்டியை இறக்க வேண்டாம். மழைத்தண்ணீர் தேங்கிய இடமும் கூடாது, எலிச் சிறுநீர் கலந்திருந்தால் எலிக்காய்ச்சல் வரக்கூடும்.

நம்பிக்கை: பழக்குவது என்றால் மற்ற நாய்களோடு விளையாட விடுவது.

குட்டி வாழப்போவது மனிதர்களின் நடுவே. அது பழக வேண்டியதில் பெரும்பகுதிக்குக் கால் தரையில் படவே தேவையில்லை. தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை போங்கள். ஆட்டோ, பள்ளி விட்டு ஓடிவரும் பிள்ளைகள், தள்ளுவண்டிக்காரர் குரல், ஊன்றுகோலோடு நடக்கும் தாத்தா எல்லாவற்றையும் அது உங்கள் கைக்குள் இருந்தபடியே பார்க்கட்டும். நாய்கள் வராத மொட்டை மாடி இருந்தால் அதுவே நல்ல திடல். வீட்டுக்குள் குக்கர் விசில், மிக்ஸி, ஈரத்தரை, கோரைப்பாய். பட்டாசுச் சத்தத்தைக் கைபேசியில் மிகக் குறைவாக வைத்து, தின்ன ஏதாவது கொடுத்தபடி நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டுங்கள். தீபாவளியன்று கட்டிலுக்கடியில் நடுங்குகிற நாய்களை எண்ணினால் இந்த உழைப்பு பெரிதாகத் தெரியாது. பாதம், காது, வாய் ஆகியவற்றைத் தினமும் தொட்டுப் பழக்கினால் பின்னால் நகம் வெட்டவும் மருத்துவர் சோதிக்கவும் போராட வேண்டியிருக்காது. நாய்த்துணையும் தேவைதான், உறவினர் வீட்டில் ஊசிகள் முடித்த, சாதுவான பெரிய நாய் இருந்தால் போதும்.

நம்பிக்கை: பயந்தாலும் விடாமல் கூட்டத்தில் நிறுத்தினால் தெளிந்துவிடும்.

தெளியாது. வாலை இடுக்குவது, கொட்டாவி விடுவது, நாவால் மூக்கை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் போதும் என்று அது சொல்லும் முறைகள். உடனே தள்ளி வந்துவிடுங்கள். தூக்கி அணைத்தால் பயம் கூடிவிடும் என்பதும் தவறு, தாராளமாக அணைக்கலாம்.

நம்பிக்கை: தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்து எடுத்து வந்தால் நன்றாக ஒட்டும்.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதை இந்தியாவின் 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் தடை செய்கின்றன. எவ்வளவு வலிக்கக் கடிக்கலாம் என்ற அளவைக் குட்டி தாயிடமும் உடன்பிறப்புகளிடமும்தான் கற்கிறது.

நம்பிக்கை: பால்பல் கடி, குட்டிக்கு வெறிநோய் இருக்காது.

பழக்குகிற வேளையில் பிள்ளைகளின் கையில் பல் படுவது சகஜம். ஆனால் மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டிக்கும் வெறிநோய் வரும், அதன் கடியால் மனிதருக்கும் பரவும். குட்டி எங்கே, எந்தத் தாய்க்குப் பிறந்தது என்று தெரியாத நிலையில் இதை அலட்சியப்படுத்தவே கூடாது. பல்லோ நகமோ தோலைக் கீறினால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.